வெட்கம் அறிவுக்குத் தடையாகலாகாது

 



இன்று நாம் நோக்கவிருப்பது மாதவிடாய் பற்றியாகும். இது பகிரங்கமாகப் பேசும் விடயமா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் மதீனாவின் அன்ஸாரிப் பெண்கள் இதனை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டறிந்தார்கள். மாதவிடாய் நின்றபின் குளிக்கும் முறையை அஸ்மா (ரழி) அவர்கள் வினவியபோது, கஸ்தூரி தோய்ந்த துணியால் துப்புரவு செய்துகொள்ளுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள். மார்க்கத்தை விளங்குவதற்கு அப்பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டினார்கள்.

அரபுக் கல்லூரியில் நாம் ‘ஹைழ்’ என்னும் பாடத்தை மனனமிட்டோம். ஷாபிஈ மத்ஹபின்படி குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், பெரும்பாலும் 6 அல்லது 7 நாட்கள், கூடியது 15 நாட்கள் எனத் தடையின்றி ஒப்புவித்தோம். விடுமுறையில் வீடு சென்றபோது, என் தங்கை ஈரத்துணிகளை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து உலர்த்துவதைக் கண்டும் காணாதவன்போல் இருந்துவிட்டேன். அத்துணிகளால் அவளுக்கு ஏற்பட்ட அரிப்பையும் புண்ணையும் உம்மா பல வருடங்களின் பின்னரே சொன்னார். சட்டத்தை அறிந்திருந்த நான், உடன்பிறந்தவளின் துன்பத்தை அறியாதிருந்தேன்.

மாதவிடாய் என்பது யாது? கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடிப்படைகின்றது. கரு தரிக்காதபோது அப்படலம் குருதியுடன் கலந்து வெளியேறுகின்றது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 10 முதல் 15 வயதுக்குள் இது தொடங்கும். வளர்ந்த பெண்களில் 21 முதல் 35 நாட்களுக்கு ஒரு தடவை ஏற்பட்டு, 2 முதல் 7 நாட்கள் நீடிப்பது வழமையாகும். இது நோயுமன்று, பாவத்தின் விளைவுமன்று.

அல்குர்ஆன் ஸூரத்துல் பகராவின் 222ஆம் வசனம் இதனை ஓர் உபாதை எனக் குறிப்பிட்டு, அந்நாட்களில் தாம்பத்திய உறவைத் தவிர்க்குமாறு பணிக்கின்றது. பெண்ணை ஒதுக்கி வைக்கும்படி அது கூறவில்லை. மாதவிடாயுற்றிருந்த ஆயிஷா (ரழி) அவர்கள் அருந்திய பாத்திரத்தில், அவர்கள் வாய்வைத்த இடத்திலேயே நபியவர்களும் வாய்வைத்து அருந்தினார்கள். அவ்வாறிருக்க, நம் வீடுகளில் தனிப்பாயும் தனிக்கோப்பையும் எதற்கு?

சகோதரிகளே! சில நடைமுறைகளைக் கவனத்திற் கொள்ளுங்கள். அந்நாட்களிலும் தினமும் குளியுங்கள். தலை நனைக்கலாகாது என்பது மார்க்கமுமன்று, மருத்துவமுமன்று. கடமையான குளிப்பு உதிரம் நின்றபின் நிறைவேற்றப்பட வேண்டிய வேறொன்றாகும். சுகாதாரத் துவாயை 4 முதல் 6 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். உறுப்பின் வெளிப்பகுதியை முன்னிருந்து பின்னாகச் சுத்தமான நீரால் கழுவினாற் போதும். பயன்படுத்திய துவாயைத் தாளில் சுற்றிக் குப்பையில் இடுங்கள். மலசலகூடத்திலோ வடிகானிலோ போடாதீர்கள்.

துணி பாவிப்பதில் குற்றமில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் துவாயின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாததாயிற்று. ஆனால் துணியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நேர் வெயிலில் முற்றாக உலர்த்த வேண்டும். இருட்டில் ஈரமாகக் கிடக்கும் துணியில் கிருமிகள் வளரும். வெட்கமாயின் மேலே மெல்லிய துணியொன்றைப் போர்த்தியேனும் வெயிலில் இடுங்கள். இழந்த இரும்புச்சத்தை ஈடுசெய்ய மீன், ஈரல், பருப்பு, கீரை உண்ணுங்கள். உணவுடன் சிறிது தேசிக்காய்ப் புளி நன்று. உண்டவுடன் தேநீர் அருந்துவதைத் தவிருங்கள்.

உதிரம் 7 நாட்களுக்கு மேல் நீடித்தால், மணிக்கொரு துவாய் நனைந்தால், அன்றாட வேலையைத் தடுக்கும் வலியிருந்தால், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால் வைத்தியரை நாடுங்கள். சட்டநூல் கூறும் 15 நாட்கள் தொழுகைக்கும் நோன்புக்குமான எல்லையேயன்றி மருத்துவ எல்லையன்று. தொடர் உதிரப்போக்குப் பற்றி முறையிட்ட பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்களிடம், அது மாதவிடாயன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என நபியவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள்.

தாய்மாரே! உங்கள் மகள் முதல் உதிரத்தைக் கண்டு பதறுவதற்கு முன்னரே, 9 அல்லது 10 வயதிலேயே அவளுக்கு இதனைச் சொல்லிவையுங்கள். தந்தையரே! அரிசியும் சீனியும் வாங்கும் பட்டியலில் துவாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் கேட்கும்வரை காத்திராதீர்கள். அவள் கேட்கமாட்டாள்.

ஹஜ் பயணத்தில் மாதவிடாய் ஏற்பட்டு ஆயிஷா (ரழி) அவர்கள் அழுதபோது, ஆதமின் புதல்வியருக்கு அல்லாஹ் விதித்தது இது என நபியவர்கள் ஆறுதலளித்தார்கள். தவாபைத் தவிர ஏனைய கிரியைகளைத் தொடருமாறும் வழிகாட்டினார்கள். அதே ஆறுதலை நம் வீட்டுப் பெண்களுக்கு நாமும் வழங்குவோமாக.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள அறிவைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.