கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளை என்ன பாடம் எடுப்பது?

(உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் தோட்ட வாசிகசாலையில் நடத்தப்பட்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. விறகுக்குப் போக வேண்டும், துணி துவைக்க வேண்டும், கடைக்கும் போக வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கே வருகிறோம்.

ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால் லயமே சந்தோஷப்படுகிறது. கோயிலில் பூசை, பாடசாலையில் மாலை எல்லாம் நடக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பீலிக்கரையில் வேறு பேச்சு வருகிறது. "ஆர்ட்ஸ்தானே கெடச்சிருக்கு? ஆர்ட்ஸ் படிச்சு என்னா செய்யப் போகுது?" என்கிறார்கள். அதைக் கேட்ட தாய்க்கு மனசு விழுந்து போகிறது. பிள்ளைக்கும்தான்.

இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடச் சொல்லவில்லை. பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நின்ற செய்திகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கலைப்பிரிவு என்பது ஒரே பாடம் அல்ல. வரலாறு, புவியியல், பொருளியல், சமூகவியல், அரசறிவியல், தமிழ், மெய்யியல், மொழிகள் என்று எத்தனையோ பாடங்கள் அதற்குள் இருக்கின்றன. நன்மையும் நஷ்டமும் கலைப்பீடம் என்ற பெயரில் இல்லை. எந்தப் பாடத்தோடு எந்தப் பாடத்தைச் சேர்த்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஏன் நம் பிள்ளைகள் அதிகம் கலைப்பிரிவில்?

காரணம் உங்களுக்குத் தெரியும். அனேக தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்போ கணித வகுப்போ கிடையாது. நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றதோ 1970களின் பிற்பகுதியில்தான். முப்பது வருடத்துக்கு மேல் பிந்திப் புறப்பட்டவர்கள் நாம். அதனால் பிள்ளை கலைப்பிரிவு படித்தது அதன் குற்றமும் அல்ல, உங்கள் குற்றமும் அல்ல. இருந்த வகுப்பில் படித்து எடுபட்டிருக்கிறது. இனி அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

முதல் வருடம் எப்படி நடக்கிறது?

பொதுவாகக் கலைப்பீடத்தில் இரண்டு விதமான பட்டம் உண்டு. ஒன்று மூன்று வருடப் பொதுப் பட்டம். மற்றது நான்கு வருட விசேட பட்டம். விசேட பட்டத்தில் ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்க வேண்டும். மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட், நான்கு வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்றால் என்ன என்று பயப்பட வேண்டாம். செக்ரோலில் பேர் விழுவது மாதிரிதான். ஒரு பாடநெறியைச் சித்தியடைந்தால் அதற்குரிய கணக்கு பிள்ளையின் பெயரில் விழும். எல்லாம் சேர்ந்து நிறைந்தால்தான் பட்டம்.

பிள்ளை வளாகத்துக்குப் போன முதல் சில நாட்களில் ஒரு படிவத்தைக் கொடுத்துப் பாடங்களைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்று பிரதான பாடங்கள். அந்த நாட்களில் பிள்ளை தங்கும் அறை புதிது, சாப்பாடு புதிது, சுற்றிக் கேட்கும் பாஷையும் புதிது. பக்கத்துக் கட்டில் பிள்ளை எதை எடுக்கிறதோ அதையே தானும் எடுத்துவிடுகிறது. "அக்கா, எது லேசு?" என்று மேல் வருடத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதிவிடுகிறது.

அப்படி எழுதிய ஒரு பிள்ளையை எங்களுக்குத் தெரியும். உயர்தரத்தில் புவியியலில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. தோழிகள் எடுக்கவில்லை என்பதற்காக முதல் வருடத்தில் புவியியலை விட்டுவிட்டது. இரண்டாம் வருடம் வந்தபோது அதிலேயே விசேட பட்டம் செய்ய ஆசை வந்தது. முதல் வருடத்தில் அந்தப் பாடத்தைப் படித்துக் குறிப்பிட்ட பெறுபேறு எடுத்தவர்களுக்குத்தான் இடம் என்றார்கள். கதவு மூடியாகிவிட்டது. பிள்ளை கெட்டிக்காரிதான். அந்த முதல் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாடம் கற்றால் கைக்கு என்ன வேலை பழகும்?

"எந்தப் பாடத்துக்கு எந்த வேலை?" என்று கேட்கிறீர்கள். கலைப்பிரிவில் அப்படி ஒன்றுக்கு ஒன்று என்று கிடையாது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். இந்தப் பாடத்தைப் படித்தால் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்?

புவியியலை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் வாசிக்கவும், இன்றைக்குக் கணினியில் வரைபடம் தயாரிக்கவும் பழக்குகிறார்கள். அது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்பதை வரைபடத்தைப் பார்த்து நம் பாஷையில் நமக்கே சொல்லக்கூடிய ஒரு பிள்ளை ஒவ்வொரு தோட்டத்துக்கும் தேவை.

பொருளியலும் புள்ளிவிபரமும் படித்தால் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரியும். உங்கள் சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதி என்று ஒரு வரி இருக்கிறது. சட்டப்படி குறைந்தது நூற்றுக்கு 8 தொழிலாளியிடமிருந்தும், 12 தொழில் தருநரிடமிருந்தும் போக வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தைத் தொழில் தருநர் கட்ட வேண்டும். இந்தக் கணக்கு எத்தனை வீட்டில் தெரியும்?

வரலாறு என்றால் ராஜா பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறோம். பல்கலைக்கழகத்தில் வரலாறு என்பது பழைய பத்திரங்களை வாசித்து உண்மையை நிறுவுவது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மூத்தவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வந்தது. இந்தக் கதையை பிறர் எழுதி நாம் வாசிக்கிறோம். உங்கள் தகரப் பெட்டியில் இருக்கும் பழைய பாஸ்போர்ட்டையும் பதிவுப் பத்திரத்தையும் வைத்து நம் பிள்ளைகளே இன்னும் எழுத வேண்டியது நிறைய உண்டு.

தமிழ் பாடத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். நாட்டார் கூத்து என்று ஒதுக்கியதைப் படித்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நம்மிடம் மாசி மாதத்தில் காமன் கூத்து இருக்கிறது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இருக்கின்றன. பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அந்த வேலை முடிந்துவிடவில்லை. பாட்டுத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

நம் வீடுகளில் கொழுந்துச் சம்பளத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஒரு மாடு வளர்க்கிறோம், லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கோவா போடுகிறோம். ஒன்று கைவிட்டால் மற்றது தாங்கும். பாடத் தெரிவும் அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி எழுதிப் படிக்கிற பாடமாக இருந்தால் மூன்றும் ஒரே வாசலைத்தான் திறக்கும்.

எங்கள் யோசனை இது. ஒன்று, பிள்ளை உண்மையாக விரும்புகிற பாடம். விருப்பம் இல்லாமல் நாலு வருடம் படிக்க முடியாது. இரண்டு, கணக்கு, வரைபடம், கணினி, கள ஆய்வு என்று ஏதாவது ஒரு தொழில் பழகும் பாடம். மூன்றாவது, மொழியைப் பலப்படுத்தும் ஒன்று. மொழிப் பாடமாக எடுக்க முடியாவிட்டால் தனியாகவாவது படிக்கட்டும்.

மொழியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி வந்தது. ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் கச்சேரியிலும் நாம் சொல்வதைச் சரியாக மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் படுகிற பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு இந்த நாட்டில் மதிப்பு உண்டு. ஆங்கிலமும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

பரீட்சை முடிந்து வளாகம் தொடங்க அனேக மாதங்கள் ஆகின்றன. சில வேளை ஒரு வருடமும் கடந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கோ நுவரெலியா ஏப்ரல் சீசன் வேலைக்கோ போகிறார்கள். வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியும், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிழமைக்கு இரண்டு நாளாவது சிங்களமும் ஆங்கிலமும் படிக்க விடுங்கள். அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

பெற்றோர் செய்ய வேண்டியது

"நாங்க அஞ்சாம் வகுப்புக்கூட படிக்கல, நாங்க என்னத்த சொல்றது?" என்று கேட்பீர்கள். பாடத்தை நீங்கள் தெரிவு செய்ய வேண்டியதில்லை. செய்யவும் கூடாது. நாலு கேள்வி கேட்டால் போதும்.

முதலாவது: "இந்தப் பாடத்த எந்த பாஷையில சொல்லித் தர்றாங்க?" இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பேராதனையில் உள்ளது போல யாழ்ப்பாணத்தில் இருக்காது. கிழக்கிலும் தென்கிழக்கிலும் வேறு. விண்ணப்பத்தில் இடங்களை வரிசைப்படுத்த முன்பே இதை விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது: "இதுல விசேட பட்டம் செய்யணும்னா முதல் வருசத்துல என்ன எடுத்திருக்கணும், எவ்வளவு எடுக்கணும்?"

மூன்றாவது: "இது படிச்சா ஒனக்கு என்ன செய்யத் தெரியும்?"

நான்காவது: "இத நீ ஆசைப்பட்டு எடுக்கிறியா, கூட்டாளி எடுத்ததுக்காக எடுக்கிறியா?"

இந்த நாலுக்கும் பிள்ளை பதில் சொல்லிவிட்டால், நீங்கள் நிம்மதியாகப் பிரட்டுக்குப் போகலாம். பதில் சொல்ல முடியாவிட்டால் அது போய் விரிவுரையாளரிடம் கேட்டு வரட்டும். கேட்பது வெட்கம் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் இருக்கிறது. பிள்ளை அதை முழுதாக வாசித்திருக்க வேண்டும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். மகாபொல புலமைப்பரிசில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது கிடைக்காதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பேர்சரி உதவியும் உண்டு. இவற்றுக்கு வருமானத்தை எழுத்தில் காட்ட வேண்டும். ஆகவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சிட்டை எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். கடைசி நாளில் அரைப்பேரை இழந்து காரியாலயம் காரியாலயமாக ஓட வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "நாலு வருசம் வேணாம், மூனு வருசத்துல முடிச்சிட்டு வா" என்று சொல்கிறீர்கள். கல்யாணம் பிந்தும் என்ற பயம். பிள்ளைக்குத் தகுதியும் விருப்பமும் இருந்தால் அந்த ஒரு வருடத்தைக் கொடுங்கள். மேற்படிப்புக்கும் விரிவுரையாளர் பதவிக்கும் விசேட பட்டம் பெரிய துணை. அந்த ஒரு வருடத்தை மிச்சம் பிடித்து அவளுடைய முழுக் காலத்தையும் குறைத்துவிடாதீர்கள்.

இந்த முறை இடம் கிடைக்காத பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் வழி உண்டு. திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து நடக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய நிலையங்கள் இருக்கின்றன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியரானவர்கள் நம் பாடசாலைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் உடனே போய்விட மாட்டோம். கைநூல் பிரதி ஒன்று மேசையில் இருக்கிறது. பாடத்தைப் பற்றிக் கேட்க விரும்பும் பிள்ளை, தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு வரட்டும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.