வாக்குப் பெட்டியும் தாய்மொழியும்

(திங்கட் கூட்டமொன்றில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

ஒரு பொதுத்தேர்தல் முடிந்தவுடன் வென்றவர் வாயிலிருந்து வரும் முதற்சொல், ‘மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர்’ என்பதாகும். அத்தீர்ப்பு எதைப் பற்றியது, எதைப் பற்றியதன்று என்று எவரும் உசாவுவதில்லை. 1979-ஆம் ஆண்டு பிரித்தானியப் பொதுத்தேர்தலை அடுத்து, வேல்சு நாட்டில் இவ்வினாவே பெரும் வழக்காக எழுந்தது. அவ்வழக்கின் வரலாற்றை உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

வேல்சு, இங்கிலாந்தின் மேற்கே கிடக்கும் சிறிய நாடு. 1536-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. அன்றே அதன் மொழி அரசு அலுவலினின்றும் முறைமன்றத்தினின்றும் விலக்கப்பட்டது. எனினும் மொழி மாயவில்லை. 1588-இல் வில்லியம் மார்கன் திருமறையை வெல்சு மொழியில் பெயர்த்தளித்தார். அரண்மனையில் இடமிழந்த மொழி கோயிலிலும் அடுக்களையிலும் உயிர்த்திருந்தது. பின்னர்ப் பள்ளியும் தொழிற்சாலையும் செய்தித்தாளும் ஆங்கிலமாயின. 1911-இல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசிய மொழியை, 1971-இல் ஏறத்தாழ 21 பேரே பேசினர். அறுபதே ஆண்டுகளில் பாதிக்குமேல் தேய்வு!

1962-இல் சான்டர்சு லூயிசு என்னும் புலவர், மொழியின் வருங்காலத்தைப் பற்றி வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வுரையின் விளைவாக அவ்வாண்டே வெல்சு மொழிக் கழகம் தோன்றியது. 1966-இல் கார்மார்தன் இடைத்தேர்தலில் குவின்வர் எவன்சு வென்று, ‘பிளைடு கம்ரி’ என்னும் வேல்சுக் கட்சியின் முதல் உறுப்பினராக இலண்டன் நாடாளுமன்றம் புகுந்தார். இவர் ஆங்கிலம் பேசிய வீட்டில் வளர்ந்து, தம் முன்னோர் மொழியை முயன்று கற்றவர். படையெடுப்பையும் கொலையையும் வெறுத்த அறப்போராளி. 1974-ஆம் ஆண்டு முதல் தேர்தலில் மூன்றே வாக்குகளால் தோற்று, அவ்வாண்டின் இரண்டாம் தேர்தலிலேயே மீண்டும் வென்றவர்.

இனி 1979-க்கு வருவோம். மார்ச்சு முதல் நாளன்று, வேல்சுக்கெனத் தனி மன்றம் வேண்டுமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. வாக்களித்தவருள் ஐவரில் நால்வர் வேண்டா என்றனர். அன்றே இசுக்காட்லாந்திலும் அதே வினா எழுந்தது. ஆங்கு 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். ஆயினும் வாக்காளர் தொகை முழுவதிலும் நூற்றுக்கு 40 பேர் இசைதல் வேண்டும் என்று முன்னரே ஒரு வேலி இடப்பட்டிருந்தமையால், பெரும்பான்மை பெற்றும் மன்றம் கிட்டவில்லை. மார்ச்சு 28-ஆம் நாள் காலகன் அமைச்சரவை 310-க்கு 311 என்று ஒரே வாக்கில் வீழ்ந்தது. வேல்சுக் கட்சியின் மூவரும், கற்பலகைச் சுரங்கத்தில் நுரையீரல் நோயுற்ற தொழிலாளர்க்கு இழப்பீடு பெறும்பொருட்டு, அவ்வமைச்சரவைக்கே வாக்களித்திருந்தனர்.

மே 3-ஆம் நாள் பொதுத்தேர்தல் நடந்தது. தாட்சர் அம்மையாரின் பழமைப் பேணுநர் கட்சி 635 இடங்களுள் 339 பெற்று அரசமைத்தது. வேல்சின் 36 இடங்களுள் தொழிற்கட்சிக்கு 22, பழமைப் பேணுநர்க்கு 11, வேல்சுக் கட்சிக்கு 2, தாராளர்க்கு 1. குவின்வர் எவன்சு தம் தொகுதியை இழந்தார்.

அன்பர்களே! அந்நாளைய சோர்வை எண்ணிப் பாருங்கள். இரண்டே திங்களில் இரு தோல்விகள். ‘வேல்சு என்றோர் இனம் உண்டென்பதை அம்மக்களே மறுத்துவிட்டனர், இனி மொழி, உரிமை என்னும் பேச்சுக்கு இடமில்லை’ என்றனர் பலர். பற்றாளர் சிலரும் உள்ளம் உடைந்து, தம் மக்களையே நொந்துகொண்டனர்.

இந்நிலையில் அரசு ஒரு பிழை செய்தது. புதிதாக வரவிருந்த நான்காம் தொலைக்காட்சித் தடத்தை வேல்சில் வெல்சு மொழிக்கு ஒதுக்குக என்று 1974-இலேயே கிராபோர்டு குழு பரிந்துரைத்திருந்தது. அதனை நிறைவேற்றுவதாகப் பழமைப் பேணுநர் தம் தேர்தல் அறிக்கையில் சொல்லியிருந்தனர். வென்றபின் அரசியின் உரையிலும் அது இடம்பெற்றது. ஆனால் அவ்வாண்டு செபுதம்பரில் உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா அவ்வுறுதியைக் கைவிட்டார். தனித்தடம் இல்லை, வெல்சு நிகழ்ச்சிகள் இரு தடங்களில் பிரித்து ஒளிபரப்பப்படும் என்றார்.

வழக்கு மூண்டது. இரு தடங்களில் பரவினால் மிகுதியானோர் காண்பர், தனித்தடம் மொழியை ஒரு மூலையில் அடைத்துவிடும் என்று அரசுத் தரப்பினர் கூறினர். வெல்சுப் பற்றாளருள்ளும் அவ்வாறு அஞ்சியவர் இருந்தனர். அதனை நாம் மறைத்தல் கூடாது. மறுதரப்பினரோ, ஆங்கில நிகழ்ச்சிக்கு இடையே கொசுறாக வரும் மொழி, கேட்பவர்க்கு இடையூறாகவே தோன்றும். தனக்கென ஓர் இல்லம் இருந்தால்தான் செய்தி முதல் சிறுவர் கதை வரை எல்லாம் அம்மொழியில் வளரும் என்றனர்.

சொல்லோடு செயலும் தொடர்ந்தது. அக்குதோபரில் கற்றறிந்த மூவர், பென்னர் தேவிசு, மெரடித்து எவன்சு, நெட்டு தாமசு என்போர், பென்கரெகு ஒளிபரப்பு நிலையத்துள் புகுந்து அதன் இயக்கத்தை நிறுத்திவிட்டு, தாமே பொறுப்பேற்று நின்றனர். பேராசான்மார் வழக்குமன்றக் கூண்டில் நின்ற காட்சி நாட்டை உலுக்கியது. ஏறத்தாழ 2000 பேர், தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்தோம், சிறை புகுவோம் என்று உறுதி பூண்டனர். 1980 மே திங்களில் குவின்வர் எவன்சு, அக்குதோபர் 6-ஆம் நாள் தொடங்கிச் சாகும்வரை உண்ணா நோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். அப்போது அவர் அகவை 67.

உடனே பிறிதொரு வினா எழுந்தது. தேர்தலில் மக்களால் தள்ளப்பட்ட ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைத் தம் உயிரைக் காட்டி மிரட்டலாமா? இது மக்களாட்சிக்கு முரணன்றோ? எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று இது. நாளை எவரும் எதற்கும் நோன்பிருந்தால் வாக்குச்சீட்டுக்கு மதிப்பேது?

விடை அவர் வேண்டுகோளிலேயே உள்ளது. அவர் புதியதாக எதையும் கேட்டாரல்லர். அரசு மக்கள்முன் வைத்து வாக்குப் பெற்ற உறுதிமொழியை நிறைவேற்றுக என்றார். மக்கள் தீர்ப்பு என்று முழங்கியவர்களே, அத்தீர்ப்பைப் பெறுதற்குக் கொடுத்த உறுதியை மீறினர். எனவே தேர்தலுக்கு மாறாக நின்றவர் தோற்ற எவன்சு அல்லர், வென்ற அமைச்சரே! மேலும், மார்ச்சில் மக்கள் மறுத்தது ஓர் ஆட்சி மன்றத்தை. தம் குழந்தைகள் தம் மொழியைக் கேட்க வேண்டா என்று அவர்கள் யாண்டும் வாக்களித்ததில்லை. ஒரு வினாவுக்குரிய விடையைப் பிறிதொரு வினாவின் மேல் ஏற்றிச் சொல்வது தீர்ப்பாகாது, திரிப்பாகும்.

செபுதம்பரில் வேல்சுப் பேராயர், கிளெட்வின் கியூசு, கொரோன்வி தானியல் ஆகிய மூவர் இலண்டன் சென்று அமைச்சரைக் கண்டு நிலைமையை எடுத்துரைத்தனர். இவர்கள் வேல்சுக் கட்சியினர் அல்லர். எல்லாத் தரப்பாரும் மதித்த சான்றோர். கட்சி கடந்த இக்குரலே அரசின் உள்ளத்தை அசைத்தது என்பேன். செபுதம்பர் 17-ஆம் நாள் அரசு தன் முந்தைய உறுதிக்கே திரும்பியது. நோன்பு தேவைப்படவில்லை. 1982 நவம்பர் முதல் நாள் வெல்சுத் தடம் ஒளிபரப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தின் நான்காம் தடம் அதற்கு மறுநாள்தான் தொடங்கிற்று! வாரத்துக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் வெல்சு மொழி ஒலித்தது. சிறுவர்க்கென அங்குச் செய்த கரடிக்குட்டி இயங்குபடம் பிற நாடுகளுக்கும் சென்றது.

தோழர்களே! இத்துடன் நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் முழுமையும் சொல்வதே முறை. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வெல்சு பேசுவோர் 17.8 விழுக்காட்டினரே. தொலைக்காட்சி ஒன்றே மொழியைக் காத்துவிடவில்லை. தேய்வின் விரைவு குறைந்ததற்குப் பள்ளிகளும் பெருந்துணையாயின. 1939-இல் அபரித்துவித்து நகரில் ஏழே பிள்ளைகளோடு தொடங்கிய வெல்சுவழித் தொடக்கப்பள்ளியைப் பின்பற்றி எத்தனையோ பள்ளிகள் எழுந்தன. ஆசிரியனாகிய எனக்கு அவ்வேழு பிள்ளைகளின் வருகைப் பதிவேடு ஓர் அரசின் சட்டத்தினும் பெரிதாகத் தோன்றுகின்றது. வீட்டில் பெற்றோர் பேசாத மொழியைத் தடமும் பள்ளியும் நெடுநாள் தாங்கமாட்டா.

மக்கள் தீர்ப்பு என்னவாயிற்று? 1979-இல் ஐவரில் நால்வர் மறுத்த மன்றத்தை, 1997-இல் 50.3 விழுக்காட்டினர் ஏற்றனர். 6721 வாக்குகளே மிகுதி. 2011-இல் அம்மன்றத்துக்குச் சட்டமியற்றும் ஆற்றலை மிகுப்பதை 63.5 விழுக்காட்டினர் ஒப்பினர். அவ்வாண்டே வெல்சு மொழிக்கு அந்நாட்டில் அலுவல் நிலை சட்டத்தால் உறுதியாயிற்று. மக்களை நொந்துகொண்டு ஒதுங்கியிருந்தால் இவை வந்திருக்குமா? அவர்களிடம் மீண்டும் மீண்டும் சென்றவர்களே அவர்கள் எண்ணத்தை மாற்றினர்.

ஆகவே, ஒரு தேர்தலில் தோற்றவுடன் இனமே தோற்றதாகப் புலம்புதல் வேண்டா. வென்றவுடன் மொழியே வென்றதாகக் களித்தலும் வேண்டா. வென்றவர் தந்த உறுதிமொழியை எழுதி வைத்துக்கொண்டு, அது நிறைவேறும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்கும்போது கட்சி வேலியைத் தாண்டிச் சான்றோரைத் துணைக் கொள்ளுங்கள். அதற்கிடையே வீட்டில் பிள்ளைகளோடு தாய்மொழியில் பேசுங்கள். அதற்கு எந்த அரசின் இசைவும் வேண்டியதில்லை.

 வாழ்க மொழிகள்! வெல்க தமிழ்!