கரடி தெரிஞ்சா வண்டியை நிறுத்தாதீங்க

போன எபிசோட்ல கனடா ராக்கீஸ் ரோட் ட்ரிப்புக்கான வண்டி, தங்குற இடம், பட்ஜெட் எல்லாம் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, கரடி பார்த்தீங்களா?"

பார்த்தோம். ஆனா நிறுத்தல. ஏன்னு இப்போ சொல்றேன்.

மே, ஜூன் மாசத்துல பான்ஃப், ஜாஸ்பர் மலைகள்ல மேல இன்னும் பனி இருக்கும். ரோட்டோரத்துல மரம் வெட்டியிருக்கறதால வெயில் நல்லா படும், பனி சீக்கிரம் கரையும், புல்லும் டான்டேலியன் செடியும் அங்கதான் முதல்ல முளைக்கும். மாசக்கணக்கா பட்டினியா தூங்கி எழுந்த கரடிக்கு அது ஓசி மெஸ். நமக்கு போஸ் கொடுக்க அது வரல, சாப்பிட வருது.

அப்போ ஒரு வண்டி நிக்கும். பின்னாடி பத்து வண்டி நிக்கும். இதுக்கு அங்க 'பேர் ஜாம்'னு பேரே இருக்கு. யாராவது ஒருத்தர் கண்டிப்பா மொபைலோட இறங்குவாங்க. கரடி ஓடாது. 'பாரு, எவ்வளவு சாது'ன்னு நமக்கு சந்தோஷம். ஆனா அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னா, வண்டியும் மனுஷனும் ஆபத்தில்லைன்னு கரடி கத்துக்குது. தப்பான டேட்டாவுல டிரெயின் பண்ணின மாடல் மாதிரி. அதை அவ்வளவு சுலபமா திருத்த முடியாது.

நகோடாவோட கதையைக் கேளுங்க. பான்ஃபுக்கு மேற்கே ஒட்டியிருக்கற யோஹோ தேசியப் பூங்காவுல இருந்த வெள்ளை நிற கிரிஸ்லி அது. பூங்கா ரெக்கார்டுல 178-ம் நம்பர் கரடி. டிரான்ஸ் கனடா ஹைவே ஓரமாவே மேயும். நிறைய பேர் அதைப் பார்க்கவே வருவாங்க. பூங்கா ஊழியர்கள் காவல் இருந்தாங்க, வேலியை பலப்படுத்தினாங்க, அந்தப் பகுதியில வண்டி நிறுத்தவே கூடாதுன்னு தடை போட்டாங்க. 2024 ஜூன்ல ஒருநாள் காலையில அதோட ரெண்டு குட்டியும் ரோட்டுல அடிபட்டு செத்துப்போச்சு. அன்னைக்கு சாயங்காலமே தாயும் அடிபட்டுச்சு. அந்தக் காயத்தோட வேலி ஏறி காட்டுக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் அது பிழைக்கல.

இதுக்குத் தீர்வே இல்லையான்னா, இருக்கு. பான்ஃப் வழியா போற அதே ஹைவேயில ரெண்டு பக்கமும் வேலி போட்டு, விலங்குகள் கடக்க 6 மேம்பாலம், 38 சுரங்கப்பாதை கட்டியிருக்காங்க. மேம்பாலத்து மேல மண், புல், மரம் எல்லாம் உண்டு. பெரிய விலங்குகள் வண்டியில அடிபடறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. கிரிஸ்லிகள் அந்தப் பாலத்தை நம்பிக் கடக்கவே சில வருஷம் ஆச்சு. ஒரு இன்ஜினியரா எனக்கு இந்த ட்ரிப்புல ரொம்பப் பிடிச்சது அந்தப் பாலம்தான். லேக் லூயீஸைவிட!

ஆனா லேக் லூயீஸ்ல இருந்து ஜாஸ்பர் போற ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, சுமார் 230 கிலோமீட்டர், அப்படி வேலி போட்ட ரோடு இல்ல. அங்கதான் எங்க கண்ணுல கரடி பட்டுச்சு. கறுப்புக் கரடி, இடது பக்கம், தலையைக் குனிஞ்சு மேஞ்சுட்டு இருந்துச்சு. ஏற்கெனவே ஏழெட்டு வண்டி நிக்குது. ஸ்டியரிங் என் ஃப்ரெண்ட் கையில. பின் சீட்டுல இருந்து "மச்சான், நிறுத்துடா நிறுத்துடா"ன்னு ஒரே சத்தம். அவன் வேகத்தைக் குறைச்சு, நிறுத்தாம தாண்டிட்டான். நாலு செகண்ட் பார்த்திருப்போம். அடுத்த அரை மணி நேரம் வண்டியில யாரும் யாரோடயும் பேசல, அது வேற விஷயம்.

விதிப்படி கரடி, ஓநாய்கிட்ட இருந்து 100 மீட்டர், எல்க், மான் மாதிரி விலங்குகள்கிட்ட இருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கணும். 100 மீட்டர்னா, நம்ம எம்.டி.சி. பஸ் எட்டு ஒன்பதை வரிசையா நிறுத்தின தூரம். மொபைல் கேமராவுல கரடி ஒரு புள்ளியாதான் தெரியும். அதனால ஒரு நல்ல பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. விடிகாலையும் அந்தி நேரமும்தான் விலங்குகள் அதிகமா நடமாடும். பார்க்க நிறுத்தணும்னா அதுக்குன்னே இருக்கற வியூபாயிண்ட்ல நிறுத்துங்க. ஜாஸ்பருக்குத் தெற்கே மலையாடுகள் தாது உப்பு நக்க வர்ற இடம் ஒண்ணு இருக்கு. பார்க்கிங் போட்டு, நிம்மதியா நின்னு பார்க்கலாம். நாங்க நாப்பது நிமிஷம் நின்னோம். பின் சீட்டு கோபமும் அங்கதான் தீர்ந்துச்சு.