பெனிசிலினில் ஒரு கந்தக அணு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்நிலை வகுப்பில் கரும்பலகையில் ஓர் அறுகோணம் வரைகிறோம். அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முனையில் ஓர் எழுத்து. "இதுதான் இந்தச் சேர்மத்தின் அமைப்பு" என்கிறோம். பிள்ளைகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு மாணவி எழுந்து, "இதை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? பாடநூலில் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது அதை அல்லவே.

அந்தக் கேள்விக்குப் பதிலாக, கந்தகம் அடங்கிய ஒரு கரிமச் சேர்மத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது பெனிசிலின். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இது நமக்கான உரை இல்லை" என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வளர்த்த படிகாரப் படிகத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

அந்தச் சிறுமியின் பெயர் டோரதி குரோஃபுட். திருமணத்துக்குப் பின் டோரதி ஹாட்ஜ்கின். 1910இல் கெய்ரோவில் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர். ஒரு சிறிய வகுப்பில் மயில்துத்தத்தையும் படிகாரத்தையும் கரைத்து வைத்துப் படிகம் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஆசை அவரை விடவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது அங்கே வேதியியல் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இவரையும் இன்னொரு மாணவியையும் மட்டும் அந்த வகுப்பில் சேர அனுமதித்தார்கள். பதினாறாவது பிறந்த நாளுக்கு அவருடைய தாயார் ஒரு புத்தகம் வாங்கித் தந்தார். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகத்துக்குள் அணுக்களின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று வில்லியம் பிராக் சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகளின் தொகுப்பு அது. சிறுவர்களுக்கென்று பேசுவதைக் கீழான வேலையாக நினைக்காத பெரிய விஞ்ஞானிகள் இருந்திருக்கிறார்கள்.

இனி பெனிசிலினுக்கு வருவோம். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பூஞ்சையின் கதையை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். பெரும்பாலும் அங்கேயே நிறுத்தியும் விடுகிறோம். உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் கிருமி ஏற்றப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1941 பிப்ரவரியில் கிருமித் தொற்று முற்றிய ஒரு காவலருக்குச் செலுத்தினார்கள். காய்ச்சல் இறங்கியது, அவர் சாப்பிடத் தொடங்கினார். அதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதத்தில் அவர் இறந்துபோனார்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். பூஞ்சை கொடுக்கும் அளவு போதாது என்றால் ஆய்வகத்தில் தொகுத்துத் தயாரிக்க வேண்டும். தொகுக்க வேண்டுமானால் அமைப்பு தெரிய வேண்டும். வீட்டு வரைபடம் இல்லாமல் கொத்தனாரை வேலைக்கு வைத்து என்ன பயன்?

அக்காலத்தில் வேதியியலாளர்களின் வழி, மூலக்கூறை உடைத்து, கிடைத்த துண்டுகளைக் கொண்டு முழு உருவத்தை ஊகிப்பது. பெனிசிலினில் கந்தகம் இருக்கிறது என்பதே 1943இல்தான் தெரிந்தது. தொடக்கப் பகுப்பாய்வுகளில் அது தவறிப்போயிருந்தது. பதினோராம் வகுப்புச் செய்முறையில் நாம் சோடியத்துடன் உருக்கி, சோடியம் நைட்ரோபுருசைடு சேர்த்து ஊதா நிறம் வருகிறதா என்று பார்க்கிறோமே, அந்தக் கேள்வியில்தான் உலகத்தின் தேர்ந்த ஆய்வகங்களில் ஒன்று தடுமாறியது. மாதிரி தூய்மையாக இல்லாவிட்டால் யாருக்கும் அதே கதிதான். பின்னர் தூய படிகம் கிடைத்ததும் பென்சில் பெனிசிலினின் கணக்குத் தெளிவானது: 16 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 4 ஆக்சிஜன், 1 கந்தகம்.

அணுக்களின் எண்ணிக்கை தெரிந்துவிட்டது. அவற்றின் இணைப்புதான் தெரியவில்லை. இரண்டு கட்சிகள் உருவாயின. கந்தகமும் நைட்ரஜனும் உள்ள ஐந்தணு வளையம் ஒன்று இருப்பதை இரு கட்சியும் ஏற்றன. சண்டை ஒரே ஒரு கார்பனைல் கார்பனைப் பற்றியது. அந்தக் கார்பன் பக்கச் சங்கிலியின் ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னொரு ஐந்தணு வளையத்தை உண்டாக்குகிறது என்றார் ராபர்ட் ராபின்சன். அக்காலப் பிரிட்டனின் தலைசிறந்த கரிம வேதியியலாளர் அவர், 1947இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த அமைப்பில் இரண்டு ஐந்தணு வளையங்கள் ஒரே பிணைப்பால் இணைந்து நிற்கும். இல்லை, அந்தக் கார்பன் முதல் வளையத்தின் நைட்ரஜனோடுதான் சேர்கிறது, அதனால் ஐந்தணு வளையத்தோடு ஒட்டிய நாலணு வளையம் உண்டாகிறது என்றார்கள் ஆபிரகாமும் செயினும். பீட்டா லாக்டம் என்பது அந்த நாலணு வளையத்தின் பெயர்.

ராபின்சன் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு அணு வளையத்தில் கோணங்கள் ஏறத்தாழ 90 பாகையாக நெருக்கப்படுகின்றன. வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போன்ற இறுக்கம் அது. இயற்கை அப்படியொன்றைச் செய்து வைத்திருக்கும் என்று பலரால் நம்ப முடியவில்லை. அமிலத்தில் பெனிசிலின் உருமாறிவிடுவதால், உடைத்த துண்டுகளும் இரு கட்சிக்கும் சாட்சி சொல்லின. அந்த நாலணு வளையம் உண்மை என்றால் தாம் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போய்விடுவதாக ஜான் கார்ன்ஃபோர்த் என்ற இளம் வேதியியலாளர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் காளான் வளர்க்கப் போகவில்லை. 1975இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது படிகம். அது எப்படி என்பதைச் சற்று நின்று பார்ப்போம், ஏனென்றால் வகுப்பில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இதுதான்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். நெருக்கமான நெசவுள்ள மெல்லிய வேட்டித் துணியைக் கண்ணருகே பிடித்து, தொலைவில் எரியும் ஒரு சிறு விளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு பல புள்ளிகளாகி, சிலுவை வடிவில் வரிசையாகத் தெரியும். துணியைத் திருப்பினால் புள்ளிகளும் திரும்பும். நெசவு நெருக்கமாக நெருக்கமாகப் புள்ளிகளின் இடைவெளி அகலும். நூலை உங்களால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் புள்ளிகளின் இடைவெளியிலிருந்து நூலின் இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். விளிம்பு விளைவு என்று நாம் கற்பிப்பது இதைத்தான். துணிக்குப் பதிலாகப் படிகம், விளக்குக்குப் பதிலாக எக்ஸ் கதிர். தாமிர இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளமும் அதே அளவுதான். அளவுகோல் பொருளுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒளிப்படத் தகட்டில் விழும் ஒவ்வொரு புள்ளியின் செறிவும் தெரியும். அந்த அலை முகட்டில் வந்து சேர்ந்ததா, பள்ளத்தில் வந்து சேர்ந்ததா என்ற கட்டம் தெரியாது. பாதிச் செய்தி தொலைந்துபோன கடிதம் போன்றது அது. இந்தக் கட்டச் சிக்கலுக்குக் கைகொடுப்பவை கனமான அணுக்கள். எக்ஸ் கதிரைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள். கார்பனுக்கு 6, நைட்ரஜனுக்கு 7, ஆக்சிஜனுக்கு 8. கந்தகத்துக்கு 16. செறிவு வர்க்கத்துக்கு ஏற்ப அமைவதால் 36க்கு 256 என்று ஆகிறது. கூட்டத்தில் தலை உயர்ந்து நிற்கும் ஆளைப் போலக் கந்தகத்தை அடையாளம் காணலாம். கரிமச் சேர்மங்களைப் படிக ஆய்வு செய்வோர் கந்தகம் இருந்தால் மகிழ்வதற்கு இதுவே காரணம்.

ஹாட்ஜ்கின் கந்தகத்தோடு நிற்கவில்லை. பெனிசிலினைப் பொட்டாசியம் உப்பாகவும் ருபீடியம் உப்பாகவும் படிகமாக்கினார்கள். பொட்டாசியத்துக்கு 19 எலக்ட்ரான்கள், ருபீடியத்துக்கு 37. இரு படிகங்களிலும் மூலக்கூறுகள் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. மாறியது ஓர் அணுவின் கனம் மட்டும். எந்தப் புள்ளி கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிட்டால் கட்டங்கள் மெல்லப் பிடிபடும். சோடியம் உப்பில் மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருந்தன. அதை நார்த்விச் நகரில் பன் என்பவரும் ஆன் டர்னர் ஜோன்சும் தனியாக ஆராய்ந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஹாட்ஜ்கினோடு பணி செய்தவர் பார்பரா லோ என்ற இளம் ஆய்வாளர். கணினி இல்லாத காலம். எண்கள் அச்சிட்ட காகிதப் பட்டைகளை வைத்துக் கூட்டல், பிறகு துளையட்டை இயந்திரத்தில் கணக்கு. ஹாட்ஜ்கினுக்கு வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். கை மூட்டுகளை முடக்குவாதம் வேறு பிடித்திருந்தது.

1945இல் முடிவு வந்தது. ஹைட்ரஜன் நீங்கலாக 23 அணுக்களின் இடமும் தெரிந்தது. வழக்குக்குரிய அந்தக் கார்பன் நைட்ரஜனை ஒட்டி, பிணைப்புத் தொலைவில் நின்றது. நாலணு வளையம் உண்மை. ராபின்சன் அதன் பின்னும் எளிதில் இணங்கவில்லை. என்றாலும் கேள்வி இப்போது கருத்து சார்ந்ததாக இல்லை, தொலைவு சார்ந்ததாகிவிட்டது. அளந்து பார்த்துவிட்டார்கள். 1964இல் ஹாட்ஜ்கினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமைப்பு தெரிந்தும் தொகுப்பு எளிதாகவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கான வேதியியலாளர்கள் முயன்று, பயன்படும் அளவில் எதையும் பெறவில்லை. வளையத்தை மூடுவதற்கு வன்மையான வினைபொருளைச் சேர்த்தால், மூடிய வளையமே உடைந்துபோகும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஜான் ஷீஹன் ஒன்பது ஆண்டுகள் உழைத்து, அறை வெப்பநிலையில் மென்மையாக நீரை அகற்றி வளையத்தை மூடும் ஒரு வினைபொருளைக் கொண்டு 1957இல் பெனிசிலின் வி என்ற வகையைத் தொகுத்தார். வணிக உற்பத்திக்கு அந்த வழி கட்டுப்படியாகவில்லை. இன்றைக்கும் மலிவாகப் பெனிசிலின் தருவது பூஞ்சைதான். அப்படியானால் அமைப்பை அறிந்ததால் என்ன லாபம் என்று கேட்கலாம். எதைத் தொடக்கூடாது, எதை மாற்றலாம் என்பது தெரிந்தது. இரு வளையங்களையும் அப்படியே விட்டு, பக்கச் சங்கிலியை மட்டும் மாற்றினார்கள். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் எல்லாம் அப்படி வந்தவை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகள் வாங்கிச் சாப்பிடும் அமாக்சிசிலினுக்குள் அதே கந்தக அணு, அதே நாலணு வளையம் இருக்கின்றன.

வளையத்தின் இறுக்கம்தான் மருந்தின் பலம். பாக்டீரியாவின் செல் சுவரைப் பின்னும் நொதியில் பட்டதும் வளையம் விடுபட்டுத் திறந்து, நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. நொதி வேலை செய்யாது. அதே இறுக்கம் பலவீனமும்கூட. மருந்து தன்னைத் தொடும் முன்பே வளையத்தை உடைக்கும் வேறொரு நொதியைச் சில பாக்டீரியாக்கள் வைத்திருக்கின்றன. நோய் எதிர்ப்பு மருந்துக்குக் கிருமிகள் பழகிவிட்டன என்று செய்தித்தாளில் வருகிறதே, அதில் ஒரு பெரும்பகுதி இந்த நாலணு வளையத்தை உடைக்கும் கதைதான்.

கட்டச் சிக்கலுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதில் சென்னைக்குப் பங்கு இருக்கிறது. 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன், எஸ். ராமன் என்பவரோடு சேர்ந்து 1956இல் ஒரு முறையை விளக்கினார். (இவர் சர் சி.வி. ராமன் அல்லர். சி.வி. ராமன், ராமச்சந்திரனின் ஆசிரியர்.) சில அணுக்கள் எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும்போது சற்றே தாமதிக்கின்றன. அதனால் சமமாக இருக்க வேண்டிய இணைப் புள்ளிகளின் செறிவில் மிகச் சிறிய வேறுபாடு வருகிறது. அந்த வேறுபாட்டிலிருந்து கட்டத்தைக் கணக்கிடலாம். கந்தகத்தின் தாமதம் மிக மிகச் சிறியது. ஆனாலும் 1981இல் ஹென்ட்ரிக்சனும் டீட்டரும் ஒரு தாவர விதையிலுள்ள கிராம்பின் என்ற புரதத்தின் அமைப்பை, அதிலுள்ள ஆறு கந்தக அணுக்களின் தாமதத்தைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து கனமான அணு எதையும் சேர்க்கவில்லை.

இன்று நம் கல்லூரிகளில் கந்தகம் உள்ள ஒரு புதிய கரிமச் சேர்மத்தைத் தொகுக்கும் ஆய்வு மாணவர், நல்ல படிகம் ஒன்று வளர்ந்துவிட்டால் ஐ.ஐ.டி. சென்னை போன்ற இடத்துக்குக் கொடுத்து அதன் அமைப்பைப் பெறலாம். ஹாட்ஜ்கினுக்கு ஆண்டுகள் எடுத்த கணக்கைக் கணினி விரைவில் முடித்துவிடும். படிகம் வளர்ப்பதற்கு மட்டும் இன்னும் பொறுமைதான் வேண்டும். குடுவையைத் தட்டிப் பார்த்தே பலர் படிகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வகுப்பறைக்கு இரண்டு செயல்பாடுகள். தொடக்கப் பள்ளியில் மயில்துத்தம் வேண்டாம், அது நச்சு. படிகாரம் போதும். வெந்நீரில் கரையும்வரை கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, அடியில் தங்கும் சிறு படிகங்களில் முகம் ஒழுங்காக உள்ள ஒன்றை நூலில் கட்டித் தெளிந்த கரைசலில் தொங்கவிடுங்கள். தூசி விழாமல் காகிதத்தால் மூடுங்கள். சில நாட்களில் எட்டு முகங்கள் தெரியும்.

மேல்நிலை வகுப்புக்கு, பழைய ஒளிபுகும் தாள்கள் ஆறு போதும். எலக்ட்ரான் அடர்த்தியை மலை வரைபடத்தின் சம உயரக் கோடுகள் போலத் தாள் தாளாக வரைந்து, ஹாட்ஜ்கின் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதே போல ஒவ்வொரு தாளும் மூலக்கூறின் ஒரு குறுக்குவெட்டு என்று வைத்துக்கொண்டு, கார்பன் வரும் இடங்களில் மூன்று வட்டங்கள், கந்தகம் வரும் இடத்தில் எட்டு வட்டங்கள் வரையுங்கள். தாள்களுக்கு இடையே அட்டைத் துண்டுகள் வைத்து அடுக்கி, விளக்கின் முன் பிடித்து, கனமான அணு எங்கே என்று பிள்ளைகளையே காட்டச் சொல்லுங்கள்.