துணிக்குத் தடை போட்டு வளர்ந்த நாடு

(காட்டுமன்னார்கோயிலில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கும்பெனிக்காரன் வந்தான், நாட்டைப் பிடித்தான், செல்வத்தைக் கொண்டுபோனான் என்று மேடைதோறும் பேசுகிறோம். எப்படிக் கொண்டுபோனான் என்று கேட்பவர் குறைவு. வெறும் கொள்ளை என்றால் அது ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இதுவோ இருநூறு ஆண்டு நடந்த காரியம். சட்டம் எழுதி, சுங்கம் விதித்து, கப்பலுக்குச் சீட்டுக் கொடுத்து நடத்திய காரியம். இதற்குச் சாட்சி தேடி லண்டனுக்குப் போக வேண்டாம். சிதம்பரம் போய்ப் பஸ் மாறினால் பரங்கிப்பேட்டை.

அந்த ஊரின் பெயர்களையே பாருங்கள். அரபு, பாரசீக வணிகர்கள் வாயில் அது மஹ்மூத் பந்தர். போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதிய துறைமுகம். பரங்கியர் குடியேறியதால் நம் மக்கள் வாயில் பரங்கிப்பேட்டை. அங்கிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா என்று போய்வந்தன. போகும்போது துணி, வரும்போது மிளகு, பாக்கு, தகரம், யானை. அன்று கிழக்குத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்க வேண்டுமென்றால் கையில் சோழமண்டலக் கரைத் துணி இருக்க வேண்டும். வெள்ளியை நீட்டினாலும் துணி இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். 1602இல் தொடங்கிய டச்சுக் கும்பெனி நம் கரைக்கு ஓடிவந்ததே இதற்காகத்தான். 1608இல் செஞ்சி நாயக்கரிடம் தேவனாம்பட்டினத்தில் இடம் கேட்டு வாங்கினார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பிய அரசுகளுக்கு ஒரு கொள்கை இருந்தது. பொருளாதார நூல்களில் அதை வணிகவாதம் என்று எழுதுவார்கள். உலகத்தில் உள்ள செல்வம் ஓர் அளவுதான். ஒருவன் பெற்றால் இன்னொருவன் இழந்தாக வேண்டும். ஆகவே அதிகம் விற்று, குறைவாக வாங்கி, மிச்சத்தைப் பொன்னாகவும் வெள்ளியாகவும் உள்ளே கொண்டுவர வேண்டும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் இயக்குநராக இருந்த தாமஸ் மன் என்பவர் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1664இல் அது வெளிவந்தது.

ஆனால் கும்பெனிக்கு ஒரு சங்கடம். நம்மிடம் விற்க அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பளியை இந்த வெயிலில் யார் வாங்குவார்? ஆகவே வெள்ளி கப்பல் கப்பலாக இங்கே வந்தது. நம் துணி அங்கே போனது. பிரபு வீட்டு அம்மாள் முதல் வேலைக்காரப் பெண் வரை எல்லாரும் அதை உடுத்தினார்கள். கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1719இல் லண்டன் தெருக்களில் நம் பருத்தித் துணி உடுத்திய பெண்களைப் பிடித்து உடையைக் கிழித்த சம்பவங்கள் நடந்தன.

அரசாங்கம் என்ன செய்தது? முதலில் 1700இல் ஒரு சட்டம். அச்சிட்ட துணி, வண்ணம் தீட்டிய துணி இந்தியாவிலிருந்து வந்தால் உள்நாட்டில் விற்கக் கூடாது. வெள்ளைத் துணியாக வரலாம். கூர்ந்து கவனியுங்கள். நெய்வது உன் வேலை, சாயம் போட்டு லாபம் பார்ப்பது என் வேலை என்பது அதன் பொருள். அதுவும் போதவில்லை. 1721இல் அடுத்த சட்டம்: அங்கேயே அச்சிட்டதானாலும் காலிகோ துணியை உடுத்தவே கூடாது. மீறினால் 5 பவுண்டு அபராதம். முழுக்க நீலச் சாயம் தோய்த்த துணிக்கும் மஸ்லினுக்கும் மட்டும் விலக்கு. நம் தென்னாற்காட்டு அவுரிக்கு அப்படி ஒரு யோகம்! இதற்கெல்லாம் முன்பே, பிணத்தை ஆங்கிலக் கம்பளியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்றும் சட்டம் இருந்தது. கஃபன் துணி எந்த நாட்டுச் சரக்கு என்பதைக்கூட அரசாங்கம் தீர்மானித்தது. நம்மில் யாருக்காவது இது தோன்றியிருக்குமா?

இந்தத் தடையின் நிழலில்தான் லங்காஷயர் பருத்தித் தொழில் பால்குடித்து வளர்ந்தது. ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம் 1769இல் வந்தது. தடை நீங்கியது 1774இல். பிள்ளை காலூன்றி நடந்த பிறகுதான் தொட்டிலை எடுத்தார்கள். புத்திசாலித்தனத்தாலும் இயந்திரத்தாலும் மட்டுமே அவர்கள் முன்னேறினார்கள் என்று நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். இயந்திரம் உண்மை. அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டம் வேலை செய்தது என்பதும் உண்மை.

தங்கள் நாட்டில் தடுத்த துணியை அவர்கள் விட்டுவிடவும் இல்லை. இங்கே வாங்கி, லண்டன் கிடங்கில் இறக்கி, வேறு நாடுகளுக்கு விற்றார்கள். ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் நம் கரை நீலத் துணியும் ஒன்று. நெய்த கைக்கு அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்பது தெரியாது.

இனி நம் பக்கம். கடலில் வேலி போட்டவர்கள் முதலில் போர்த்துக்கீசியர். அவர்களுடைய சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்துக்கொண்டு, எந்தக் கப்பல் எந்தத் துறைக்குப் போகலாம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். நம் மரைக்காயர்கள் சளைத்தவர்கள் அல்லர். ஒரு துறை அடைபட்டால் இன்னொன்று. கெடா சுல்தானுக்கே அரச வணிகர்களாக இருந்து அவர் வாணிபத்தை நடத்தியவர்கள் சூலியா முஸ்லிம்கள். திறமையில் குறைவில்லை, துணிச்சலில் குறைவில்லை, கப்பல் கட்டுவதிலும் குறைவில்லை.

குறை எங்கே? டச்சு வணிகனுக்குப் பின்னால் டச்சு அரசு நின்றது. ஆங்கில வணிகனுக்குப் பின்னால் பாராளுமன்றமும் பீரங்கியும் நின்றன. மரைக்காயருக்குப் பின்னால் யார் நின்றார்? நாயக்கரும் மராட்டியரும் நவாபும் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்தார்கள். அதுவே வாணிபக் கொள்கை என்று நினைத்தார்கள். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். சுற்றிலும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் என்பது பேச்சு. குண்டு விழுந்த கிராமங்கள் எல்லாம் கும்பெனிக்கு. கடலூரில் குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஊர் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பீரங்கியால் நிலம் அளந்து கொடுத்தவர்கள் நம் மன்னர்கள். இதில் முஸ்லிம் நவாபுக்கு நான் விலக்குத் தரமாட்டேன். ஆற்காட்டு நவாப் கடனுக்கு மேல் கடன் வாங்கி, 1801இல் நாடே கும்பெனி கைக்குப் போனது. கொள்ளிடம் கழிமுகத்தில் இருக்கும் தேவிக்கோட்டை 1749லேயே போய்விட்டது.

நாடு கைக்கு வந்த பிறகு வெள்ளி கொண்டுவர வேண்டிய அவசியமும் தீர்ந்தது. 1765இல் வங்காளத்தின் திவானி கிடைத்ததும், அந்த மக்களிடம் வசூலித்த வரியிலிருந்தே அவர்களுடைய சரக்கை வாங்கி ஏற்றினார்கள். இங்கே 1805இல் உப்பு அரசாங்க ஏகபோகமானது. கடற்கரையில் பிறந்தவன் கடல் நீரைக் காய்ச்சினால் குற்றவாளி. பிறகு துணியும் திரும்பி வந்தது, இந்தத் தடவை மான்செஸ்டரிலிருந்து. 1824இல் நம் காலிகோவுக்கு பிரிட்டனில் 67½ சதவீதம் சுங்கம். அவர்கள் துணிக்கு வங்காளத்தில் 2½ சதவீதம். பம்பாயில் நம்மவர்கள் ஆலை வைத்ததும், 1896இல் அந்த ஆலைத் துணிக்கே 3½ சதவீதம் உள்நாட்டு வரி போட்டார்கள். மான்செஸ்டர் முதலாளிகள் வற்புறுத்திய வரி அது. 1926 வரை அது நீங்கவில்லை.

பரங்கிப்பேட்டையில் பிறந்த காதர் மொய்தீன் மரைக்காயர், ஆங்கிலேயர் அமைத்த பினாங்குக்குப் போய் அங்கே கப்பித்தான் ஆனார். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர் பெயர் சொல்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவன் துறைமுகத்தில், அவன் கொடுத்த நிலத்தில் கிடைத்த பெருமை. அடுத்த தலைமுறைகளில் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் சரக்கோடு போகவில்லை, கூலிக்குப் போனார்கள்.

இது பழங்கதை என்று நினைக்கிறீர்களா? 1974 முதல் 2004 முடியும்வரை நம்மைப் போன்ற நாடுகள் எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்தன. தடையற்ற வாணிபம் பற்றி நமக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வைத்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகள் மீது 50 சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூர் தையல் கூடங்கள் திணறின. கதவைத் திறப்பதும் மூடுவதும் அவரவர் தேவைக்குத்தான். அதற்காக நாமும் எல்லாக் கதவையும் அடைத்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அடைத்து உட்கார்ந்தால் உள்ளூர் முதலாளி மட்டமான சரக்கை இரண்டு விலைக்கு விற்பான். எந்தத் தொழிலுக்கு, எத்தனை ஆண்டுக்கு, யார் நன்மைக்கு என்று அரசிடம் கேட்கத் தெரிந்த குடிமக்கள் வேண்டும்.

ஒரே ஒரு கோரிக்கை. நான் சொன்னதில் பெரும்பகுதி கும்பெனிக்காரர்கள் எழுதிவைத்த கடிதங்களிலிருந்தும் கணக்குகளிலிருந்தும் வந்தது. நம் பக்கத்துக் கணக்கு எங்கே? பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து அரபுத் தமிழ்க் கடிதங்களும் சரக்குக் கணக்கு ஏடுகளும் வருகின்றன. பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், படிக்கத் தெரியாவிட்டாலும் சரி, இந்த வாரமே எடுத்து ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.