பச்சை விளக்கு பொய் சொல்லலாகாது

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் உரையாற்ற இவ்விழாவில் அறிஞர் பலர் உளர். நாமோ நம் வீட்டு வாயில்தோறும் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். பொருள் சிறிதெனினும் அது உயிரோடு தொடர்புடையது.

முன்னாளில் வண்டியைக் காலால் உதைத்துக் கிளப்பினோம். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பொத்தான் ரிலேயை இயக்க, ரிலே பாட்டரியின் மின்சாரத்தை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அனுப்ப, அது எஞ்சினைச் சுழற்றுகிறது. வண்டி கியரில் இருக்கையில் கிளட்சைப் பிடியாமல் பொத்தானை அழுத்தினால், எஞ்சினோடு பின்சக்கரமும் சுழன்று வண்டி முன்னே பாயும். எஞ்சினும் பற்றிக்கொண்டால் பின்னர் அதனைத் தடுப்பது எளிதன்று.

இதனைத் தடுக்கவே வண்டியில் காவலர் சிலரை அமைத்துள்ளனர். கியர் பெட்டியில் நியூட்ரல் ஸ்விட்ச் ஒன்று. கிளட்ச் பிடியில் ஒன்று. பக்க ஸ்டாண்டில் மற்றொன்று. எல்லா வண்டிகளிலும் மூன்றும் இரா. பலவற்றில், வண்டி நியூட்ரலில் இருக்கவேண்டும், அல்லது கிளட்ச் பிடித்திருக்கவேண்டும். அப்போதுதான் ஸ்டார்ட்டர் சுழலும். ஸ்டாண்டை மடக்காமல் கியரைப் போட்டால் எஞ்சின் அணைந்துவிடும். தொங்கும் ஸ்டாண்டோடு புறப்பட்டவர் இடப்புறம் சாய்ந்து திரும்பினால், அது தரையில் ஊன்றி வண்டியைக் கவிழ்க்கும் அன்றோ?

மழையும் சேறும் பட்டு இந்த ஸ்விட்சுகள் பழுதாவதுண்டு. ஒரு நாள் காலை வண்டி கிளம்ப மறுக்கிறது, அலுவலகத்திற்கு நேரமாகிறது. மெக்கானிக் இரண்டு கம்பிகளை முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுகிறார். செலவு மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் நடந்தது யாது? காவலரை நீக்கிவிட்டு, அவர் இடத்தில் ஒரு பொய்ச்சாட்சியை நிறுத்தியிருக்கிறோம். நியூட்ரல் கம்பியை வண்டியின் உடலோடு இணைத்துவிட்டால், பல வண்டிகளில் நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு கியர் எதுவாயினும் எரிந்துகொண்டேயிருக்கும்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். சிக்னல் பழுதுற்றால் அது சிவப்பையே காட்டவேண்டும் என்பது ரயில்வேயின் அடிப்படை நெறி. வண்டி தாமதமாகலாம், பச்சை மட்டும் பொய்யாகலாகாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹநாகா பஜாரில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், முதன்மைப் பாதைக்குப் பச்சை கிடைத்தும் கிளைப்பாதையில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் மின்சுற்றை மாற்றியமைத்தபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. கம்பி சிறிதாயினும் அதன் பொய் சிறிதன்று.

“நாம் கவனமாக ஓட்டுவோம்” என்பர் சிலர். இணைத்த கம்பி நமக்குத் தெரியும். வண்டியை இரவல் கேட்கும் நண்பருக்குத் தெரியுமோ? நாளை அதனை விலைக்கு வாங்குபவருக்கு? சாவியோடு கியரில் நிற்கும் வண்டியின் மேல் ஏறிப் பொத்தானை அழுத்தும் குழந்தைக்கு?

ஆதலின் சில வேண்டுகோள்கள். கிளட்ச் ஸ்விட்ச் பழுதானாலும் பல வண்டிகள் நியூட்ரலில் கிளம்பும். அவ்வாறு கடைக்கு ஓட்டிச் சென்று புதிய ஸ்விட்சையே போடச் செய்யுங்கள். இயலாவிடில் தள்ளிச் செல்லுங்கள். பழைய வண்டி வாங்குவோர் அதனைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எவரும் அருகில் இல்லாதவாறு பார்த்து, முதல் கியரில் கிளட்சைப் பிடியாமல் பொத்தானைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். பின்சக்கரம் அசையுமாயின் அங்கே காவல் இல்லை என்று உணருங்கள். பழுது நீக்கிய மெக்கானிக்கிடம், “ஸ்விட்சை மாற்றினீரா, டைரக்ட் கொடுத்தீரா?” என்று தவறாது கேளுங்கள்.

வண்டி கிளம்ப மறுக்கும் காலை நேரம் எரிச்சலூட்டும் என்பது உண்மையே. எனினும் அந்த மறுப்பு நம்மைக் காக்கும் மறுப்பு. அதனை மதிப்போமாக!