கோவலனிடம் கேட்கப்படாத வினா



நம் குடும்பங்களில் ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் வங்கிப் பணியாளர்களும் பலர் உளர். ஆயினும் அவர்களுள் ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கப்பட்டால் அதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. அந்நாள்களில் அவர் உள்ளம் படும் பாட்டையும், அதனைத் தாங்கும் வழியையும் குறித்தே இன்று பேச விழைகிறேன்.

தமிழ் கற்பித்தவர்களுக்கு இப்பொருளைச் சிலப்பதிகாரத்திலிருந்து தொடங்குவதே இயல்பு. பொற்கொல்லன் சொன்ன சொல்லைப் பாண்டியன் நம்பினான். கோவலனை நேரில் அழைத்து ஒரு வினாவும் அவன் கேட்கவில்லை. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்த்தது, கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்த பின்னரே. தண்டனைக்கு முன் நடக்கவேண்டிய விசாரணை தண்டனைக்குப் பின் நடந்தது. மதுரையின் துயரம் அனைத்தும் அந்த முறைமாற்றத்தில் விளைந்தது.

இன்றைய சட்டம் அவ்வரிசையைச் சீர்செய்திருக்கிறது. ஓர் அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்குவதற்கோ பதவியிறக்கம் செய்வதற்கோ முன், குற்றச்சாட்டு இன்னதென அவருக்கு அறிவித்து, தம் பக்கத்தை எடுத்துரைக்கத் தக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் உறுப்பு, சில விதிவிலக்குகளோடு, கூறுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் சிறு தண்டனைக்குரியவற்றை 17(அ) என்றும், பெருந்தண்டனைக்குரியவற்றை 17(ஆ) என்றும் வழங்குகிறோம். விசாரணை அலுவலரின் அறிக்கைப் படியை ஊழியருக்குக் கொடுத்து, அவர் கருத்தைக் கேட்ட பின்னரே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தெளிவுபடுத்தியது. ஆகவே, கைக்கு வரும் குறிப்பாணையைத் தீர்ப்பு என்று எண்ணிக் கலங்க வேண்டா. கோவலனிடம் கேட்கப்படாத வினா அத்தாளில் எழுதப்பட்டு நம்மிடம் வருகிறது.

எல்லா விசாரணையும் நேர்மையாக நடக்கும் என்று நான் கூறவில்லை. பகைமையால் எழும் குற்றச்சாட்டுகளும் உண்டு. ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்படுபவையும் உண்டு. அப்போதும் விடை கூறும் உரிமையே நம் கையிலிருக்கும் துணை.

இவ்வளவு தெரிந்தும் உள்ளம் ஏன் நடுங்குகிறது? காரணம் மானம். தமிழில் அச்சொல்லுக்குப் பெருமைக்குரிய பொருள் உண்டு. ஆனால் நம் சமயம் மானத்தைக் கோபம், மாயை, உலோபம் ஆகியவற்றோடு சேர்த்து, உயிரைப் பிணிக்கும் நான்கு கஷாயங்களுள் ஒன்றாக எண்ணியது. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் அந்த மானத்தின் மறுமுகமே.

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர்மீது, பள்ளி இருப்புப் பதிவேட்டிலிருந்த பொருள்கள் சில காணப்படவில்லை என்று குறிப்பாணை வந்தது. அவர் அதனை அலமாரியில் துணிகளுக்கடியில் வைத்துப் பூட்டினார். மனைவியிடமும் சொல்லவில்லை. விளக்கம் தரவேண்டிய நாள் கடந்தது, உறக்கம் போயிற்று, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் வந்ததாகப் பின்னாளில் கூறினார். இரண்டாம் கடிதத்தை அஞ்சல்காரரிடமிருந்து பெற்ற அவர் மனைவி, “நாம் இருவரும் சேர்ந்தே எழுதுவோம், உட்காருங்கள்” என்றார். கால நீட்டிப்புக் கேட்டு ஒரு கடிதமும், பின்னர் ஆறு பக்க விளக்கமும் எழுதப்பட்டன. முடிவில், கவனக்குறைவுக்காக ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. களவு என்ற சொல் நீங்கியது. அவர் மதிப்போடு ஓய்வுபெற்றார்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. குறிப்பாணை கிடைத்த அன்றே வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிவிடுங்கள். சினத்தில் உடனே பதில் எழுதாதீர்கள். குறித்த நாளைக் கடக்கவும் விடாதீர்கள். குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் தனித்தாளில் எழுதி, அதனருகே நடந்ததை மட்டும், நாளும் சான்றும் குறித்து எழுதுங்கள். தேவையான ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். விதியறிந்த மூத்த பணியாளரையோ வழக்கறிஞரையோ கலந்துகொள்ளுங்கள். தவறு நிகழ்ந்திருந்தால் நிகழ்ந்த அளவை ஒப்புக்கொள்ளுங்கள். நிகழாததை அச்சத்தால் ஒப்புக்கொள்ள வேண்டா. பணியிடைநீக்கம் செய்யப்பட்டால் பிழைப்பூதியம் உண்டு. அது முழு ஊதியம் ஆகாதாகையால் வீட்டுச் செலவைக் குடும்பத்தோடு அமர்ந்து திட்டமிடுங்கள்.

விசாரணைக் கோப்பை நாள் முழுதும் மனத்தில் சுமக்க வேண்டா. அதற்கென ஒரு நேரத்தை ஒதுக்கி, அதன்பின் மூடி வையுங்கள். இரண்டு நாழிகைச் சாமாயிகம் நமக்குப் புதிதன்று. வருவதை விருப்பு வெறுப்பின்றி நோக்கும் பயிற்சிக்கு இதைவிடத் தக்க காலம் வேறில்லை. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இறுதியாக, உற்றார் உறவினருக்கு ஒரு சொல். நம் ஊரில் ஒருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார் என்று கேள்விப்பட்டால் காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். அவர் வீட்டுக்குச் சென்று, “சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். விழாவுக்கு வழக்கம்போல் அழையுங்கள். பந்தியில் அவர் அருகில் அமருங்கள். விசாரிக்கும் பொறுப்பு அலுவலகத்துக்கு உரியது. அதனை நாம் திண்ணையில் நடத்த வேண்டா. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிய அப்பிழை மன்னனோடு முடியட்டும்.